ஒரே மார்க்கு, நான்கு பெட்டி: ஒரு கிதார் சொல்லும் வியாபாரப் பாடம்

மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் நம் இதழில் கிதாருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 35 ஆண்டுகளாக வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்துவரும் நானும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு கிதார் வாங்கப் போய், நம் தொழிலைப் பற்றியே சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வந்தேன். அதை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

என் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கிதார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மதுரையில் ஒரு கடைக்கு அழைத்துப் போய், ஓரளவு பெயர் உள்ள மார்க்கில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு. பளபளவென்று கண்ணாடி போல இருந்தது. இரண்டு மாதம் வகுப்புக்குப் போனான். பிறகு போகவில்லை. கேட்டதற்கு, "எனக்கு வராது தாத்தா, என் விரலுக்குப் பலம் இல்லை" என்றான். விரல் நுனி பார்த்தால் கன்றிப் போயிருந்தது.

அவனுடைய ஆசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் கிதாரை வாங்கி, கழுத்துப் பகுதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு சிறு அளவுகோலை வைத்து அளந்தார். "ஐயா, பையன் மேல் தப்பு இல்லை. கம்பி பலகையிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் நாலரை மில்லிமீட்டர் இருக்கிறது. இதை அழுத்தினால் என் விரலே வலிக்கும்" என்றார். அவரிடம் கற்கும் வேறொரு பையன் அதே மார்க்கு, அதே எண், அதே விலையில் வாங்கிய கிதாரையும் காட்டினார். அதில் கம்பி சரியான உயரத்தில் இருந்தது. விரல் வைத்தால் வெண்ணெய் போல அழுந்தியது.

குறை கருவியில் இருந்தது. பழியைப் பிள்ளை தன் மேல் போட்டுக்கொண்டு, தனக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்துவிட்டான். அதுதான் என் மனதைத் தைத்தது.

மறுநாளே கிதாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். "அண்ணாச்சி, கம்பெனியிலிருந்து வந்ததை வந்தபடியே கொடுத்தேன். நாங்கள் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதில்லை" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமான வார்த்தை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பிறகு அவரே ஸ்டாக்கில் இருந்த நான்கு பெட்டிகளைப் பிரித்து வைத்தார். நான்கும் ஒரே மார்க்கு, ஒரே எண். நான்கும் நான்கு விதமாக இருந்தன!

மூன்று மில்லிமீட்டர் பலகையும் ஒரு மூட்டைப் பாரமும்

ஏன் இப்படி என்று ஆசிரியரிடமும், கிதார் பழுது பார்க்கும் ஒருவரிடமும் கேட்டேன். புத்தகங்களும் தேடிப் படித்தேன். கிதார் என்பது எப்பேர்ப்பட்ட சிக்கலான சரக்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

மின்சாரம் இல்லாமல் வாசிக்கும் சாதாரணக் கிதாரில் ஆறு இரும்புக் கம்பிகள் உண்டு. அவற்றைச் சுருதி கூட்டி முறுக்கியதும் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 முதல் 75 கிலோ வரை வருகிறது. அதாவது, முன்பு நம் கடைகளுக்கு வந்த 75 கிலோ அரிசி மூட்டையின் பாரம்! இந்தப் பாரத்தைத் தாங்குவது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மரப்பலகை. அதற்கு அடியில் சில மெல்லிய சட்டங்களை ஒட்டியிருக்கிறார்கள். பலகை கனமாக இருந்தால் பாரம் தாங்கும், ஆனால் அதிராது, நாதம் வராது. மெல்லியதாக இருந்தால் நாதம் வரும், ஆனால் நாளடைவில் வீங்கும், வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கிதார் செய்பவரின் தொழில்.

அடுத்தது அளவு. வீணையில் மெட்டு என்று சொல்வது போல கிதாரின் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு. பெரிய கிதார்களில் கம்பியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 645 மில்லிமீட்டர். இதில் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வர வேண்டும். கம்பி வந்து உட்காரும் பிரிட்ஜ், அதாவது வீணையின் குதிரைக்குச் சமமான உறுப்பு, தன் இடத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டால் போதும். மேலே போகப் போகச் சுருதி விலகும். எவ்வளவு முறுக்கினாலும் சேராது. நம் தராசில் படி சரியாக இருந்தும் முள் சாய்ந்தே நிற்பது போல.

ஒரே மரத்தின் பலகையும் ஒன்றுபோல இராது

ஒரே வயலில் விளைந்த மிளகாயிலும் முதல் பறிப்பும் மூன்றாம் பறிப்பும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். மரமும் அப்படித்தான். கிதாரின் மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம் பயன்படுகிறது. ஒரே மரத்திலிருந்து அறுத்து, ஒரே கனத்துக்கு இழைத்த இரண்டு பலகைகளில்கூட ஒன்று விறைப்பாகவும் மற்றது தொய்வாகவும் இருக்கும். தேர்ந்த கைவினைஞர் நாம் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலப் பலகையைத் தட்டிப் பார்த்து, அதற்கு ஏற்ப அடிச்சட்டங்களைச் சீவுவார். ஒரு நாளைக்கு நூறு, இருநூறு என்று செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு பலகைக்கும் அப்படி நேரம் கொடுக்க முடியாது. குறித்த கனம், குறித்த சட்டம் என்று போய்விடும். அதனால்தான் ஒரே எண்ணில் ஒன்று பாடுகிறது, ஒன்று முனகுகிறது.

ஈரப்பதமும் ஒரு பெரிய விஷயம். மரம் நீளவாட்டில் அதிகம் மாறாது. குறுக்குவாட்டில் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். நல்ல தொழிற்சாலைகள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் மரத்தைப் பதப்படுத்தி, அதே நிலையில் கருவியைச் செய்கின்றன. அப்படிச் செய்த கிதார் சென்னை போன்ற கடலோர ஊரின் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் மேற்பலகை புடைத்து, கம்பி உயர்ந்துவிடும். ஈரம் குறைந்த ஊருக்குப் போனால் விரல் பலகை சுருங்கி, மெட்டுகளின் முனை வெளியே நீட்டிக் கையைக் கிழிக்கும். ஆக, தொழிற்சாலையில் நன்றாக இருந்த சரக்கும் கடைக்கு வரும்போது நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மழைக்காலத்தில் வெல்லம் என்ன ஆகிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா!

பழைய பெயரும் பத்தாண்டு அவசரமும்

இந்தக் குறைகள் மலிவு மார்க்குகளில்தான் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். உலகில் மிகப் பழைய, மிகப் பெரிய பெயர் பெற்ற கிதார் நிறுவனத்தின் கதையே நமக்குப் பாடமாக இருக்கிறது.

ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் மார்க்நியூகிர்ஹன் என்னும் ஊர். அங்கே கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று வயலின் செய்வோர் சங்கத்துக்கும் மரச்சாமான் செய்வோர் சங்கத்துக்கும் நெடுநாள் வழக்கு. மரச்சாமான் குடும்பத்தில் வந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் என்பவர் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயார்க்கில் கடை வைத்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அந்த மார்ட்டின் நிறுவனம் இன்றும் அதே ஊரில், குடும்பச் சொத்தாக நடந்து வருகிறது.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அமெரிக்காவில் கிராமியப் பாடல் மோகம் பரவியது. கல்லூரி மாணவர்கள் எல்லாம் கிதார் கேட்டார்கள். மார்ட்டின் கிதாருக்கு ஆர்டர் கொடுத்தால் மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. எந்த வியாபாரிக்கும் இது கனவு போன்ற நிலைதான். 1964இல் பெரிய புதிய தொழிற்சாலை கட்டினார்கள். உற்பத்தி ஏறியது. 1971இல் ஒரே ஆண்டில் 22,000க்கும் மேற்பட்ட கிதார்கள் வெளியே வந்தன. ஒரு தலைமுறைக்கு முன்னால் நினைத்தே பார்க்க முடியாத எண்ணிக்கை அது.

இதே சமயத்தில் கச்சாப் பொருளும் மாறியது. மார்ட்டினின் உயர்ந்த ரகங்களுக்குப் பக்கப்பலகையும் பின்பலகையும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தில் இருந்தன. பிரேசில் அரசு மரத்தடியாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியதும், 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். நம் தாத்தா காலத்துக் கட்டிலும் பெட்டியும் செய்த அதே மரம். அன்று முதல் உலகின் புகழ்பெற்ற கிதார்களில் பலவற்றின் முதுகுப்பக்கம் நம் மலைக்காட்டு மரம்தான். 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்து, கிதார் வியாபாரிகள் ஒவ்வொரு கருவிக்கும் தாள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. 2019இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மரம் எங்கே விளைகிறதோ அங்கிருந்து விற்பனைக் கடைவரை எத்தனை கைகள், எத்தனை சட்டங்கள் என்று பாருங்கள்.

திரும்பி வரும் சரக்குக்குப் பயந்து

மார்ட்டின் கிதாரை முதலில் வாங்கியவருக்கு ஆயுட்கால கியாரண்டி உண்டு. விற்பனை பெருகப் பெருக, பழுதுக்குத் திரும்பி வரும் சரக்கும் பெருகும். அதைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். பிரிட்ஜுக்கு அடியில், பலகையின் உள்பக்கம் ஒட்டும் சிறிய மேப்பிள் மரத் துண்டுக்குப் பதிலாக, 1960களின் இறுதியில் பெரிய ரோஸ்வுட் துண்டை வைத்தார்கள். பலகை பலப்பட்டது. ஆனால் அதிர வேண்டிய இடத்தில் பாரம் ஏறியது. நாதம் அடங்கிப்போயிற்று என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அடிச்சட்டங்களை உள்வளைவாகச் சீவி இலகுவாக்கும் பழைய முறையையும், கனமான கம்பிகளைத் தாங்கவில்லை என்பதற்காக, 1944இலேயே கைவிட்டிருந்தார்கள். கழுத்து வளைந்தால் திருகி நேராக்கும் வசதியும் அப்போது மார்ட்டின் கிதார்களில் இல்லை.

இவற்றோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. 1970களில் வந்த கிதார்களில் கணிசமானவற்றில் பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சில மில்லிமீட்டர் விலகல்தான். ஆனால் சுருதி சேராது. இன்றைக்கும் அந்தக் காலத்து மார்ட்டின் கிதார் பழுதுக்கு வந்தால், பட்டறைக்காரர்கள் முதலில் அளந்து பார்ப்பது பிரிட்ஜின் இடத்தைத்தான். அதே ஆண்டில் செய்த இன்னொரு கிதார் அருமையாக இருக்கும். எது எப்படி வரும் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. அதுதான் வாங்குபவருக்கு வந்த சங்கடம்.

கலமாசூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனமும் இதே பாதையில்தான் போயிற்று. 1969இல் அது வேறு தொழில்களில் இருந்த ஒரு குழுமத்தின் கைக்கு மாறியது. அந்தக் காலத்தில் அவர்களும் பழுது குறைய வேண்டும் என்று உள்ளே இரட்டைச் சட்டம் போட்டுக் கனமாக்கினார்கள். உடையவில்லை, பாடவும் இல்லை. 1984இல் அந்தப் பழைய தொழிற்சாலையே மூடப்பட்டது.

இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். திரும்பி வரும் சரக்கைக் குறைக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம். நாமும் அதைத்தான் விரும்புகிறோம். ஆனால் சரக்குத் திரும்பி வராததும் வாடிக்கையாளர் திரும்பி வருவதும் ஒன்றல்ல. உடையாத கிதாரை வாங்கியவர் புகார் சொல்லவில்லை. அடுத்த கிதாரை வேறு இடத்தில் வாங்கினார்.

அந்த வேறு இடமும் தயாராக இருந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்தே ஒட்டுப்பலகையில் செய்த மலிவான கிதார்களை அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. யமஹா நிறுவனத்தின் எஃப்.ஜி. வரிசை 1966இல் வந்தது. ஒட்டுப்பலகையில் உயர்ந்த நாதம் வராது. ஆனால் அது அதிகம் விரியாது, வெடிக்காது, பத்தும் பத்து மாதிரி இராது. முதல் ரகமாக இல்லாவிட்டாலும் சொன்ன ரகமாக இருந்தது. மக்கள் அதை மதித்தார்கள்.

மார்ட்டினில் 1977இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்தது. கிதார் மோகமும் தணிந்தது. 22,000ஐத் தாண்டிய உற்பத்தி 1982இல் ஏறத்தாழ 3,000 ஆகக் குறுகியது. ஒன்றரை நூற்றாண்டுப் பெயர் உள்ள குடும்பம் தொழிலையே இழக்கும் நிலைக்கு வந்தது.

பழைய முறைக்குத் திரும்பினார்கள்

அவர்கள் மீண்ட வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது. வாசிப்பவர்கள் பழைய கிதார்களைத் தேடித்தேடி அதிக விலைக்கு வாங்குவதை நிறுவனம் கவனித்தது. 1976இல் உள்வளைவாகச் சீவிய சட்டங்களோடு எச்.டி.-28 என்னும் ரகத்தைக் கொண்டுவந்தார்கள். 1985இல் கழுத்துக்குள் திருகி நேராக்கும் கம்பி வந்தது. 1980களின் பிற்பகுதியில் பெரிய ரோஸ்வுட் துண்டு போய், பழைய சிறிய மேப்பிள் துண்டு திரும்பி வந்தது. 1986இல் குடும்பத்தின் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்த நான்காம் சி.எஃப். மார்ட்டின், முப்பது வயதை ஒட்டிய இளைஞராகப் பொறுப்பேற்றார். 2004இல் நிறுவனம் தன் பத்து லட்சமாவது கிதாரைச் செய்தது. தப்பை ஒப்புக்கொண்டு பழைய முறைக்குத் திரும்பியதில் அவர்களுக்கு எந்தக் கௌரவக் குறைவும் வந்துவிடவில்லை.

இன்னொரு வழியில் போனவர் பாப் டெய்லர். கலிபோர்னியாவில் 1974இல் கூட்டாளிகளோடு சிறிய பட்டறை தொடங்கியவர். கை வேலைதான் உயர்வு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரங்களை 1980களின் இறுதியில் கிதார் தொழிலுக்குள் கொண்டுவந்தார். கழுத்தும் பிரிட்ஜும் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் வந்தன. இன்று மலிவு விலைக் கிதார்கள்கூட முன்பைவிட எவ்வளவோ சீராக வருவதற்கு இந்த இயந்திரங்கள் ஒரு முக்கிய காரணம்.

அவர் 1995இல் ஒரு வேடிக்கை செய்தார். அமெரிக்காவில் இசைக்கருவி வணிகர்களுக்கு 1901இல் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு, நம் சங்கம் போல. அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சியில், சரக்கு ஏற்றி இறக்கும் மரப் பாலட் ஒன்றைப் பிரித்து, அந்தப் பழைய பலகையில் செய்த கிதாரை வைத்தார். நம் கிடங்கில் மூட்டை அடுக்க அடியில் போடுகிறோமே, அதே பாலட். நன்றாகப் பாடியது! விலை உயர்ந்த மரம் மட்டும் கிதாரை உண்டாக்குவதில்லை, வேலை சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

ஆனாலும் இயந்திரம் அளவைத்தான் சீராக்கும். மரத்தின் குணத்தையும், கிடங்கின் ஈரத்தையும், கடைசியில் கம்பி மாட்டி உயரம் சரிசெய்யும் கையையும் அது மாற்றாது. மலிவு ரகங்களில் அந்தக் கடைசி வேலைக்குத்தான் நேரம் கொடுப்பதில்லை. என் பேரனின் கிதாரில் நேர்ந்ததும் அதுவே.

மெருகும் பாலிஷ் பருப்பும்

கிதார் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது மெருகு. ஓரத்தில் சிறு கீறல், லாக்கர் வழிந்த தடம், உள்ளே பசை பிதுங்கிய கறை இருந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். இவை குறைகள்தான், மறுக்கவில்லை. உயர்ந்த விலை கொடுப்பவருக்கு இவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. வேலைக்காரரின் கவனம் எங்கே சிதறியது என்பதற்கு இவை சாட்சியும்கூட.

ஆனால் பாலிஷ் போட்ட துவரம் பருப்பைப் பற்றி நமக்குத் தெரியாததா? பளபளப்பு வேறு, வேகும் குணம் வேறு. கிதாரிலும் கனமாகப் பூசிய மெருகு கண்ணைக் கவரும், ஆனால் பலகையின் அதிர்வை அமுக்கும். நல்ல கைவினைஞர்கள் மெருகை மெல்லியதாகப் பூசுவதற்காகத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள். மெல்லிய மெருகில் சிறு கோடும் வெளியே தெரியும், கனத்த மெருகில் பல குறைகள் மறைந்துபோகும். மெருகுக் குறையைக் கடையிலேயே கண் பார்த்துவிடும். கட்டுமானக் குறையை விரலும் காதும் வீட்டுக்குப் போன பிறகுதான் கண்டுபிடிக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பிள்ளைகளுக்குக் கிதார் வாங்கப்போகும் உறுப்பினர்களுக்காக, பழுது பார்ப்பவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தருகிறேன்.

1. ஒரே மார்க்கில் குறைந்தது மூன்று பெட்டிகளைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

2. தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல, கழுத்தை நீளவாட்டில் ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கு இருந்தால் வேண்டாம். லேசான வளைவைத் திருகிச் சரிசெய்யலாம்.

3. நேரான அளவுகோல் ஒன்றை மெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அது பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். பிரிட்ஜின் உடலில் முட்டி நின்றால் கழுத்தின் கோணம் தவறு. இதைச் சரிசெய்யும் செலவு மலிவுக் கிதாரின் விலையைத் தாண்டிவிடும்.

4. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரே விரலை லேசாகத் தொட்டு எடுத்தால் மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் வரும் சுரம் அதோடு சேர வேண்டும். விலகினால் பிரிட்ஜ் இடம் தவறியிருக்கலாம்.

5. கழுத்தின் இரு ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். மெட்டு முனை குத்தக் கூடாது.

6. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். எங்காவது கரகரத்தால் அங்கே மெட்டின் மட்டம் சரியில்லை.

7. செல்போன் விளக்கை ஒலித்துளைக்குள் காட்டிப் பாருங்கள். சட்டம் ஒட்டாமல் நின்றால் விட்டுவிடுங்கள். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விடுகிறது என்று பொருள்.

கம்பியின் உயரம், மெட்டு முனை இரண்டும் சிறு செலவில் தீரக்கூடியவை. கழுத்துக் கோணமும் பிரிட்ஜ் இடமும் அப்படியல்ல.

வந்ததை வந்தபடியே கொடுத்தேன்

இப்போது அந்தக் கடைக்காரரின் வார்த்தைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் ஊரில் மெஸ் நடத்தும் ஒரு அம்மா என்னிடம் மாதம் இரண்டு மூட்டை வத்தல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கொடுத்த மூட்டையில் மேலே நல்ல சரக்கு, அடியில் ஈரம் பட்டுப் பூத்துப்போன சரக்கு. அவர்கள் வந்து சொன்னபோது நானும் இதையேதான் சொன்னேன்: "தைத்து வந்த மூட்டை அம்மா, வந்தபடியே கொடுத்தேன்." பொய் இல்லை. நான் மூட்டையைத் தொடவே இல்லை. அந்த அம்மா சண்டை போடவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. பன்னிரண்டு வருட வாடிக்கை.

தொடாததுதான் என் தப்பு என்பது மதுரைக் கடையில் மறுபக்கம் நின்றபோது விளங்கியது. மார்ட்டின் போன்ற நிறுவனத்திலிருந்தே நல்லதும் குறையுள்ளதும் ஒரே பெயரில் வெளிவரும் என்றால், தைத்து வரும் மூட்டையையும் ஒட்டி வரும் பெட்டியையும் நம்பி நாம் கை கழுவ முடியாது. விளைந்த இடத்திலும் செய்த இடத்திலும் வழியிலும் நடந்த தவறுகள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது நம் கல்லாவுக்கு முன்னால்தான். அங்கே பார்க்காவிட்டால், வாங்குபவர் வீட்டில்தான் பார்ப்பார்.

அன்று பிரித்த நான்கு பெட்டிகளில் ஒன்றில் மெட்டு முனைகள் குத்தின. ஒன்று கழுத்து முறுக்கியிருந்தது. ஒன்று குறையில்லாமல் இருந்தது, ஆனால் ஒலி மந்தம். நான்காவதில் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் லாக்கர் வழிந்து ஒரு சொட்டு உறைந்திருந்தது. பார்வைக்கு அதுதான் கடைசி. ஆசிரியர் நான்கையும் வாசித்துப் பார்த்துவிட்டு அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் அந்தச் சொட்டுக்காக ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். பழைய கிதாரையும் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் கடையில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, கம்பி உயரத்தைச் சரிபார்த்த பிறகுதான் விற்கிறார்கள். அதற்கென்று ஒரு பையனை வைத்திருக்கிறார். "முன்னைவிட ரிட்டர்ன் குறைந்துவிட்டது அண்ணாச்சி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்" என்றார். என் கிடங்கிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். வரும் மூட்டைகளில் பத்துக்கு இரண்டை அடிவரை கொட்டிப் பார்க்கிறோம். மற்ற எட்டுக்கும் குத்தூசி. அரைமணி நேர வேலை. கழிவு வந்தால் மண்டிக்கு அன்றே போன் போகிறது, சில்லறைக் கடைக்குப் போவதில்லை.

மெஸ் அம்மாவை நேரில் போய்ப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். "பரவாயில்லை அண்ணாச்சி" என்றார்கள். இன்னும் ஆர்டர் வரவில்லை. வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பேரன் மறுபடி வகுப்புக்குப் போகிறான். சாயங்காலம் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வாசிக்கிறான். கணக்கு எழுதும்போது காதில் விழுகிறது. விரலுக்குப் பலம் இல்லை என்று இப்போது அவன் சொல்வதில்லை.